ஜீரோ டிக்கெட்டின் விலை

பள்ளி, கல்லூரி திறக்கும் ஜூன் நெருங்க நெருங்க, ஹைதராபாத் பஸ் பாஸ் பற்றிய வாசகர் கடிதங்கள் குவிகின்றன. பாதிக்கு மேல் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கின்றன. மாணவர் சலுகை பாஸுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். பெண்களுக்கான மகாலட்சுமி இலவசப் பயணம் 2023 டிசம்பர் 9 அன்று தொடங்கியபோது பதிவு எதுவும் கேட்கவில்லை. ஸ்மார்ட் கார்டு தரப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. அது கைக்கு வரும்வரை, தெலங்கானா முகவரி உள்ள அசல் அடையாள அட்டைதான். ‘பதிவு செய்து தருகிறேன்’ என்று காசு கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

இத்திட்டத்தின் சூட்சுமம் கண்டக்டர் கையிலிருக்கும் இயந்திரத்தில் இருக்கிறது. செகந்திராபாத்தில் ஏறி கோட்டிக்குப் போகிறவர் அட்டையைக் காட்டுகிறார். கண்டக்டர் ஏறுமிடம், இறங்குமிடம் அழுத்துகிறார். ஜீரோ டிக்கெட் வருகிறது. பயணி தர வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தூரத்துக்கான கட்டணம் கணக்கில் ஏறிவிடுகிறது. அதைக் கூட்டித்தான் போக்குவரத்துக் கழகம் அரசிடம் பணம் கேட்கிறது. இலவசம்தானே என்று டிக்கெட் வாங்காமல் உட்காரக் கூடாது என்று கழகம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். டிக்கெட் கிழியாத பயணத்துக்குக் கழகத்துக்கு வரவு கிடையாது.

கெட்டிக்கார ஏற்பாடுதான். நெருடுவது, அந்தக் கணக்கை மேடையில் வாசிக்கிற விதம். 2025 ஜூலையில் 200 கோடி இலவசப் பயணங்களைக் கொண்டாடிய அரசு, பெண்கள் 6,680 கோடி ரூபாய் மிச்சப்படுத்தியதாகச் சொன்னது. வகுத்துப் பார்த்தால் ஒரு பயணத்துக்குச் சுமார் 33 ரூபாய். இலவசம் என்பதால் மட்டுமே வாரங்கலில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போனவர், முன்பு அந்தப் பணத்தைச் செலவழித்ததே இல்லை. அவர் போய்வந்தது நல்ல விஷயம். ஆனால் அதைச் சேமிப்பு என்று எழுத முடியாது. அது கழகம் அரசுக்கு நீட்டும் பில்.

இன்னொன்றும் உண்டு. கட்டணத்தை ஏற்றினால் ஜீரோ டிக்கெட்டின் மதிப்பும் ஏறும். 2025 அக்டோபரில் ஹைதராபாத் நகரப் பேருந்துக் கட்டணம் கூடியது. பெண்களின் பையில் ஒரு ரூபாயும் கூடாமலே காகிதத்தில் அவர்கள் ‘சேமிப்பு’ வளர்ந்துவிடும். கூடிய தொகையைக் கையிலிருந்து கொடுப்பவர், விடியற்காலையில் நாள்கூலிக்கு ஆள் எடுக்கும் ‘அட்டா’வில் நிற்கப் போகும் ஆண். அவர் வருமானத்தை எந்தத் திட்டமும் கேட்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் ஆர்டினரி பஸ் மாதப் பாஸும் 1,150 ரூபாயிலிருந்து 1,400 ஆனது. வருமானச் சான்று கேட்கச் சொல்லவில்லை. கேட்டால் தாசில்தார் அலுவலக வரிசையில் ஏழைதான் முதலில் நிற்பார். ஆனால் ஏழைகளுக்கான சலுகை என்று இதைச் சொல்லிக்கொள்வது முழு உண்மையல்ல.

முகவரி என்னும் வடிகட்டி தமிழ் வாசகர்களை நேராகத் தொடுகிறது. தமிழ்நாட்டின் இலவசப் பேருந்துத் திட்டமான விடியல் பயணத்தில் எந்த ஊர்ப் பெண் என்று கேட்பதில்லை. இங்கே ஆதாரில் மதுரை முகவரி இருந்தால், பல வருஷமாக மாரேட்பள்ளியில் குடியிருந்தாலும் முழு டிக்கெட்தான். முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள், அதை ஆன்லைனிலேயே செய்யலாம்.

மற்றவை சுருக்கமாக.

ஜெராக்ஸ், போனில் எடுத்த படம்? செல்லாது.

பான் கார்டு? அதில் முகவரியே இல்லை, செல்லாது.

மெட்ரோ எக்ஸ்பிரஸ்? அது பேருந்து, இலவசம். மெட்ரோ டீலக்ஸ், ஏசி பஸ், மெட்ரோ ரயில்? காசு கொடுக்க வேண்டும்.

திருநங்கையர்? இலவசம்.

மாணவர் பாஸ் ஏன் நகரவில்லை? பெரும்பாலும் பள்ளி அல்லது கல்லூரியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். அவர்கள் ஆன்லைனில் உறுதி செய்த பிறகே பாஸ் கவுன்டரில் வேலை நடக்கும். கவுன்டர் வரிசையில் நிற்பதற்கு முன் பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.