'படு' வந்தாற் செயப்பாட்டுவினையா?

சந்தியில் நாட்டிய வழிகாட்டிப் பலகை திசைமாறி நின்றால், ஊரறிந்தவனுக்கு அதனால் ஒரு கேடுமில்லை. புதிதாய் வருபவனே வழிதவறுவான். எழுத்துநடை கற்பிக்கும் கைந்நூல்களின் பிழையும் அத்தகையதே. அது புலவரை ஒன்றுஞ் செய்யாது. நூலையே நம்பியிருக்கும் மாணவரைத்தான் கெடுக்கும்.

அண்மையிற் சித்தாண்டியிலே என்னிடம் தமிழ் கேட்க வரும் மாணவி ஒருத்தி தன் கட்டுரைக் கொப்பியைக் காட்டினாள். மாரிக் காலத்தில் யானைக்காக வேளாண்மைக் காவலுக்குச் செல்லும் தந்தையைப் பற்றி எழுதியிருந்தாள். "பொழுதுபட அப்பா புறப்பட்டார், விடியுமட்டும் அம்மா கவலைப்பட்டார்" என்பது முதலில் எழுதியது. அதனை வெட்டிவிட்டு, "பொழுதுபட அப்பா வீட்டை விட்டு வெளியேறினார், விடியுமட்டும் அம்மா கவலையை அடைந்தார்" என்று திருத்தியிருந்தாள். வாசித்த எனக்கு, அவள் தந்தை காவலுக்குப் போனாரோ, கோபித்துக்கொண்டு போனாரோ என்ற ஐயமே உண்டாயிற்று.

"ஏன் பிள்ளை, நல்ல வாக்கியத்தை வெட்டினாய்?" என்றேன்.

"செயப்பாட்டுவினையில் எழுதக் கூடாதென்று புத்தகத்தில் இருக்கிறது ஐயா."

"பொழுதுபட என்பதிலும் 'படு' இருக்கிறதே?" என்றேன், விளையாட்டாக. அவள் உடனே பென்சிலை எடுத்து அதனையும் வெட்ட முற்பட்டாள். எனக்கு வந்த சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

அவள் காட்டிய கைந்நூலின் பெயர் இங்கு வேண்டா. 'படு' என்னுஞ் சொல் சேர்ந்து வருவது செயப்பாட்டுவினை, அதனை விலக்குக என்பது அதன் விதி. கட்டப்பட்டது, எழுதப்பட்டது, புறப்பட்டது, கவலைப்பட்டது என்பன உதாரணங்கள். முதலிரண்டும் சரி, பின்னிரண்டும் பிழை.

'தச்சனாற் கதவு செய்யப்பட்டது' என்பதை நோக்குக. 'செய்ய' என்னும் செயவெனெச்சத்தின் மேற் 'படு' வந்தது. செய்தவன் மூன்றாம் வேற்றுமையில் நின்றான். 'தச்சன் கதவைச் செய்தான்' என்று செய்வினையாக எளிதில் மாற்றலாம். 'அப்பா புறப்பட்டார்' என்பதை அவ்வாறு மாற்ற முடியுமா? 'புறம்' என்பது பெயர். அதனோடு 'படு' சேர்ந்து ஒரே வினையாயிற்று. புறப்படுபவரும் அப்பாவே, வினைமுதலும் அப்பாவே. கவலைப்படு, ஆசைப்படு, வெட்கப்படு, உடன்படு என்பனவும் இவ்வினத்தன. 'பொழுதுபட' என்பதிலோ பொழுது எழுவாய். படுதல் அதன் தொழில்.

விலக்குக என்ற அறிவுரையும் முழுவதும் பொருந்தாது. 'பாலம் திருத்தப்பட்டது' என்னும்போது பாலமே நமக்கு வேண்டியது. திருத்தியவர் பெயர் வேண்டியதில்லை. செயலுக்கு உட்பட்ட பொருளையே வினைமுதல் போலப் பேசும் வழக்கைத் தொல்காப்பியரும் வினையியலில் ஏற்றிருக்கிறார்.

இத்தகைய பிழை நம் மொழிக்கே உரியதன்று. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் ஆங்கில எழுத்துநடைக்குச் சிறு கைந்நூலொன்று இயற்றினார். அவர் மாணவர் ஈ. பி. வைட் அதனை விரித்து 1959இல் வெளியிட்டார். ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையான நூல் அது. செயப்பாட்டுவினையை விலக்கச் சொல்லி அது காட்டிய நான்கு வாக்கியங்களுள் மூன்று செயப்பாட்டுவினையே அல்ல என்று மொழியியலறிஞர் ஜெப்ரி புல்லம் 2009இல் எடுத்துக்காட்டினார். அரை நூற்றாண்டாக எத்தனை வகுப்பறைகளில் அவ்வுதாரணங்கள் ஓதப்பட்டிருக்கும்!

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தையும் சொல்லவேண்டும். ஆசிரியத் தொழிலின் தொடக்கத்தில் யானும் "படு வந்தாற் செயப்பாட்டுவினை" என்றே கரும்பலகையில் எழுதினேன். பரீட்சைக்கு அது சுருக்கமான அடையாளமாயிருந்தது. அன்று அதனைப் பிரதி பண்ணிக்கொண்டவர்களுட் சிலர் இன்று ஆசிரியர்கள். அந்த மாணவியின் கொப்பியிற் கண்ட வெட்டுக் கோட்டில் என் கையும் இருக்கலாம்.

இலக்கியத்தினின்று இலக்கணம் எடுக்கப்படுவதென்பது முன்னோர் கொள்கை. வழக்கு முந்தியது, விதி பிந்தியது. இக்கால எழுத்துத் தமிழை நோக்கி அதற்கு விதி கூறும் முயற்சியாக, கிழக்கிலங்கைப் பேராசிரியர் எம். ஏ. நுஃமான் 1999இல் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' தந்தார். அத்தகைய நூல்களை ஆசிரியர் அருகில் வைத்துக்கொள்ளல் நன்று. அதனினும் எளிய வழி ஒன்றுண்டு. எந்த விதியையும் கரும்பலகையில் எழுதுமுன், மாணவர் வீட்டிற் பேசும் மூன்று வாக்கியங்களில் அதனைப் பொருத்திப் பார்க்கவேண்டும். பொருந்தாவிடின், ஐயுறவேண்டியது விதியையே, பிள்ளையின் தமிழையன்று.

அந்த மாணவியிடம் பென்சிலை வாங்கி, வெட்டிய சொற்களின் கீழ்ப் புள்ளியிட்டு, "இவை இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். அவள் தன் வாக்கியத்தை ஒருமுறை மெல்ல வாசித்துப் பார்த்தாள். "இப்போது இது எங்கள் அப்பாதான், ஐயா" என்றாள்.