கடைக்கு வராத தட்டு

1965-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம், ‘சோல்’ என்ற தன் துணை முத்திரையில் ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்றை வெளியிட ஏற்பாடு செய்தது. பாட்டின் பெயர் ‘டூ ஐ லவ் யூ (இன்டீட் ஐ டூ)’. பாடியவர் ஃபிராங்க் வில்சன், மோட்டவுனின் லாஸ் ஏஞ்சலிஸ் அலுவலகத்தில் பாடல் எழுதியும் தயாரித்தும் வந்தவர். சுமார் 250 முன்னோட்டப் பிரதிகள் அச்சானதாகச் சொல்வார்கள். ஆனால் தட்டு கடைக்கு வரவில்லை. பாடகராகப் போகிறாயா, தயாரிப்பாளராகவே இருக்கிறாயா என்று நிறுவனத் தலைவர் பெரி கோர்டி கேட்க, வில்சன் இரண்டாவதைத் தேர்ந்தார் என்பது பரவலாக வழங்கும் கதை. அந்தத் தேர்வில் அவருக்கு நட்டமில்லை. அவர் தயாரிப்பில் எடி கென்ட்ரிக்ஸ் பாடிய ‘கீப் ஆன் டிரக்கின்’ 1973-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முன்னோட்டப் பிரதிகளோ ஏறக்குறைய எல்லாமே அழிக்கப்பட்டன.

அதே 1973-இல் இங்கிலாந்தின் வடக்கே, விகன் நகரில் ‘கேசினோ’ என்ற நடன அரங்கில் இரவு முழுவதும் ஆடும் கூட்டங்கள் தொடங்கின. நள்ளிரவு தாண்டி ஆரம்பித்து விடியும்வரை ஆட்டம், மது கிடையாது. கால் வழுக்கிச் சுழல்வதற்குத் தரையில் முகப்பவுடர் தூவுவார்கள். ‘நார்தர்ன் சோல்’ எனப்பட்ட இந்த வட்டாரத்துக்குப் புகழ்பெற்ற பாட்டுகளில் நாட்டமில்லை. அறுபதுகளின் வேகத் தாளத்தில் அமைந்து, பிறந்த நாட்டிலேயே விற்காமல் போன கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள்தாம் வேண்டும். தட்டு எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அதை வைத்திருக்கும் டிஜேவுக்கு மதிப்பு. போட்டியாளர்கள் தேடிப் பிடித்துவிடாதபடி, அசல் பெயரை மறைத்துப் பொய்ப்பெயர் சூட்டுவதும் அங்கே வழக்கம்.

வில்சனின் பாட்டும் 1970-களின் பிற்பகுதியில் அப்படித்தான், எடி ஃபாஸ்டர் என்ற இன்னொரு பாடகரின் பெயரில் ஒலித்தது. உண்மைப் பெயர் வெளிப்பட்டதும், 1979-இல் மோட்டவுனின் பிரிட்டிஷ் முத்திரையான டாம்லா மோட்டவுன் அதைப் பிரிட்டனில் முறையாக வெளியிட்டது. பாட்டு எல்லோர் கைக்கும் வந்தால் பழைய பிரதியின் மவுசு குறையும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இங்கே நேர்மாறாக நடந்தது. கேட்டு ஆடியவர்கள் பெருகப் பெருக, அசலைத் தேடியவர்களும் பெருகினார்கள். நெடுங்காலம் இரண்டே பிரதிகள்தாம் அறியப்பட்டிருந்தன; 2009-இல் ஒன்று 25,742 பவுண்டுக்கு விலைபோனது.

1976-இல் மோட்டவுனை விட்டு விலகிய வில்சன் பின்னர் கிறிஸ்தவ ஊழியத்தில் இறங்கினார். 2012-இல் காலமானார்.