பிறப்புப் பத்திரமும் குடியுரிமையும்



நம் பிள்ளைகள் பள்ளியில் வரலாறும் குடியியலும் படிக்கிறார்கள். மெர்டேக்கா கிடைத்த நாள் எது, நாடாளுமன்றத்தில் எத்தனை அவைகள் என்று அவர்கள் ஒப்பிக்கும்போது நாம் கேட்டு மகிழ்கிறோம். ஆனால் அந்தப் பாடம் பரீட்சைக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அதன் ஒரு பகுதி நம் வீட்டுத் தகரப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, திருமணப் பத்திரம் ஆகியவையே அவை. ஒருவர் இந்நாட்டின் குடிமகனா அல்லரா என்பதை இந்தத் தாள்களைக் கொண்டே அரசாங்கம் அறிகிறது. இன்று அதைப் பற்றிச் சிந்திப்போம்.

நாம் இங்கே பிறந்தோம், இங்கே பால் வெட்டினோம், இங்கேயே பிள்ளை பெற்றோம். ஊரறிந்த செய்திக்குத் தாள் எதற்கு? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் அந்தக் கண்ணாடியைத்தான் கேட்கிறது. ஏன் என்று அறியச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

நம் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாகவும் பிறகு கங்காணி வழியாகவும் இந்நாட்டுக்கு வந்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை இவ்வாறு அனுப்புவதைத் தடை செய்தது. அதன்பின் இங்கிருந்தவர்கள் இங்கேயே குடும்பங்களாக வேரூன்றினர். ஆயினும் அக்காலத்தில் குடியுரிமை என்ற பேச்சு நம்மிடம் எழவில்லை. துரை, கிராணி, கங்காணி ஆகியோரே நாம் அறிந்த அரசாங்கம். நான்கு காசு சேர்ந்ததும் ஊருக்குத் திரும்பலாம் என்ற நினைப்பும் பலருக்கு இருந்தது.

போர் முடிந்தபின், 1946 ஏப்ரலில் மலாயன் யூனியன் என்ற ஆட்சிமுறை ஏற்பட்டது. குடியுரிமையைத் தாராளமாக வழங்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. மலாய்க்காரர்களின் கடும் எதிர்ப்பால் அந்த ஆட்சிமுறை கைவிடப்பட்டு, 1948 பிப்ரவரி 1ஆம் நாள் மலாயாக் கூட்டரசு அமைந்தது. குடியுரிமை விதிகளும் இறுகின. அதே ஆண்டு அவசரகாலமும் தொடங்கி, 12 வயது நிரம்பிய எல்லாருக்கும் அடையாளக் கார்டு கொடுக்கப்பட்டது. கார்டு கையிலிருந்தால் குடியுரிமையும் இருக்கிறது என்று நம்மில் பலர் நினைத்தனர். அது தவறு. அந்தக் கார்டு ஆளை அடையாளம் காட்டியதே தவிர, குடியுரிமையை வழங்கவில்லை.

1957 ஆகஸ்ட் 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அன்று நடப்புக்கு வந்த அரசியல் சட்டம் குடியுரிமைக்குப் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அவற்றை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம்.

சிலாங்கூரில் ஒரு தோட்டம், ஒரு லயம், அதில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தாயும் தந்தையும் சிறுவயதில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்கள்; குடியுரிமைக்கு மனுச் செய்யாதவர்கள்; பின்னாளில் சிவப்புக் கார்டு, அதாவது நிரந்தரவாசிக் கார்டு பெற்றவர்கள். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் 1955இலும், நடுவிலவர் 1959இலும், இளையவர் 1963இலும் அதே வீட்டில் பிறந்தவர்கள்.

நடுவிலவருக்குச் சிக்கலே இல்லை. மெர்டேக்கா நாள் முதல் இங்கே பிறந்த பிள்ளைகள் சட்டப்படியே குடிமக்களானார்கள். இளையவருக்கு அது போதாது. 1962இல் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல், பிள்ளை பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. பெற்றோர் அப்போது நிரந்தரவாசிகளாக இருந்தால் இளையவரும் குடிமகனே. மூத்தவர் நிலை வேறு. மெர்டேக்காவுக்கு முன் பிறந்த அவர் தாமாகக் குடிமகன் ஆகவில்லை. வயது வந்தபின் மனுச் செய்து, நன்னடத்தையும் ஓரளவு மலாய் மொழி அறிவும் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டியவர் அவர். பெற்றோர் முன்பே குடியுரிமை பெற்றிருந்தால், சிறுவனாக இருக்கும்போதே அவரையும் பதிந்திருக்கலாம்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே லயத்தில் பிறந்தவர்கள். ஆனாலும் மூவருக்கும் மூன்று வழிகள். அவர்களைப் பிரித்தது பிறந்த தேதி. அந்தத் தேதியைச் சொல்வது பிறப்புப் பத்திரம்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமக்கள் அல்லாதாருக்கு வேலை பெர்மிட் தேவைப்பட்டது. 1969 முதல் அது நடைமுறைக்கு வந்தபோது, பல ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்தவர்களும் பெர்மிட்டுக்கு அலைந்தனர். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினர். அவர்களுள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்களும் இருந்தனர். உழைப்பில் குறையில்லை, தாளில்தான் குறை.

இன்றும் வாக்குரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியது. 2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். நீல நிறக் கார்டு இல்லாத இளைஞன் அந்தப் பட்டியலில் இல்லை. நாடாளுமன்றத்துக்கு யாரை அனுப்புவது என்று சொல்லும் உரிமையும் அவனுக்கு இல்லை.

இனி, இந்நாளில் நம் குடும்பங்களை அதிகம் பாதிக்கும் ஒன்றைச் சொல்கிறோம். அதுதான் திருமணப் பதிவு. 1982 மார்ச் 1ஆம் நாள் முதல், முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் சட்டப்படி பதிவு செய்யப்படவேண்டும். கோயிலில் தாலி கட்டி ஊருக்கே விருந்து வைத்தாலும், பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது திருமணம் ஆகாது. அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமையைத் தாயைக் கொண்டே சட்டம் பார்க்கிறது. தந்தை நீலக் கார்டு வைத்திருப்பவர், தாய் வெளிநாட்டுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை பிறக்கும் முன் திருமணம் பதிவாகியிருந்தால், இங்கே பிறக்கும் பிள்ளை குடிமகன். பதிவாகாவிட்டால், அதே தகப்பனின் பிள்ளை அந்நியன். பிள்ளை பிறந்தபின் ஓடிப்போய்ப் பதிந்தாலும், பிறந்த நேரத்து நிலையையே சட்டம் கணக்கில் கொள்ளும்.

சிவப்புக் கார்டு வைத்திருப்போர் மேலும் விழிப்பாக இருக்கவேண்டும். பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே பிள்ளை குடிமகன் என்ற விதியை மேலே கண்டோம். 2024இல் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட திருத்தம் அதை நீக்குகிறது. அத்திருத்தம் நடப்புக்கு வந்தபின் பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தாக வேண்டும். ஆகவே, இங்கே பிறந்தும் இன்னும் சிவப்புக் கார்டோடு இருக்கும் பெரியவர்கள், "எனக்கு இனி எதற்கு?" என்று விட்டுவிடாமல் குடியுரிமைக்கு மனுச் செய்யவேண்டும்.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது என்ன? குழந்தை பிறந்த 60 நாள்களுக்குள் தேசிய பதிவு இலாகாவில் பதியுங்கள். ஒருநாள் சம்பளம் போகிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். காலம் கடந்தால் விசாரணை, சாட்சி, மீண்டும் மீண்டும் நடை என்று பல நாள் சம்பளம் போகும். பிள்ளைக்கு 12 வயது ஆனதும் அடையாளக் கார்டு எடுத்துக் கொடுங்கள். திருமணத்தைப் பதிந்துவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். தாயின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி ஆகியவை எல்லாத் தாளிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். நமக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் படிக்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களுக்கு முதலாம் வகுப்புப் பதிவு நாள் நன்றாகத் தெரியும். ஒரு தாய் கைநிறையத் தாள்களோடு வருவார்; பத்து நிமிடத்தில் வேலை முடியும். இன்னொரு தாய் பிள்ளையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வருவார். அந்தப் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளைப் போலவே புதுச் சட்டை போட்டிருக்கும். அதன் பெயரைப் பட்டியலில் எழுத என்ன வழி என்று நாங்கள் யோசித்து நிற்போம். இதில் குழந்தை செய்த குற்றம் எதுவும் இல்லை.

பத்திரம் இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். காலம் கடந்த பதிவுக்கும் சட்டத்தில் இடமுண்டு. சிறப்புச் சூழ்நிலையில் பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதியும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 15ஏ பிரிவு அரசாங்கத்துக்குத் தருகிறது. ஆனால் அதற்கு வயது வரம்பு உண்டு. பிள்ளை வளர வளர அந்த வாசல் குறுகிக்கொண்டே போகும். எனவே பிள்ளை சிறியதாக இருக்கும்போதே மனுவை எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் உங்கள் தோட்டப் பள்ளிக்கு வாருங்கள். மனுவை நிரப்பிக் கொடுப்பதும் ஆசிரியர் வேலைதான்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இருக்கும் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கறையான் அண்டாத இடத்தில் வையுங்கள். இல்லாதவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாளை மறுநாள் விடுமுறை கேட்டுப் புறப்படுங்கள்.