காந்த மின்கடத்தாப் பொருள்களில் வெப்பக் கடத்தல்

காந்த மின்கடத்தாப் பொருள்கள் என்பவை மின்சாரத்தைக் கடத்தாத, ஆனால் அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் ஒன்றோடொன்று இடைவினை புரியும் திண்மங்களாகும். உலோகங்களில் வெப்பத்தின் பெரும்பகுதியை எலக்ட்ரான்கள் கொண்டுசெல்கின்றன. இப்பொருள்களில் கட்டற்ற எலக்ட்ரான்கள் இல்லை. ஆகவே வலிமையான காந்தப் புலத்தில் வெப்பக் கடத்துதிறனை அளப்பது, மின்தடை அளவீட்டால் அறிய முடியாத காந்த நிலைகளை ஆராய உதவுகிறது.

வெப்பத்தைச் சுமப்பவை

படிக அணிக்கோவையின் அதிர்வுக் குவாண்டங்கள் ஃபோனான்கள் எனப்படும். இவை எல்லாப் படிகங்களிலும் உண்டு. காந்த ஒழுங்குள்ள பொருள்களில் தற்சுழற்சிகள் ஒழுங்கிலிருந்து சிறிது விலகும்போது, அவ்விலகல் அலையாகப் பரவுகிறது. இவ்வலையின் குவாண்டம் மேக்னான் எனப்படும். மேக்னான்கள் வெப்பத்தைச் சுமப்பதோடு, ஃபோனான்களைச் சிதறடித்து அவற்றின் ஓட்டத்தைத் தடுக்கவும் செய்கின்றன.

காந்தப் புலத்தின் தாக்கம்

ஃபெரோகாந்தப் பொருளில் புலம் கூடும்போது மேக்னானை உருவாக்கத் தேவையான ஆற்றலும் கூடுகிறது. 10 டெஸ்லா புலத்தில் இவ்வுயர்வு ஏறத்தாழ 13 கெல்வின் வெப்பநிலைக்கு இணையானது. எனவே சில கெல்வின் வெப்பநிலையில் மேக்னான்கள் பெரும்பாலும் மறைந்துவிடும். இட்ரியம் இரும்பு கார்னெட்டில் இவ்வாறே மேக்னான்களின் பங்கு பிரித்தறியப்பட்டது. சிதறலே மேலோங்கும் பொருள்களில், மேக்னான்கள் குறைவதால் வெப்பக் கடத்துதிறன் உயரவும் கூடும்.

வெப்ப ஹால் விளைவு

வெப்ப ஓட்டத்துக்குச் செங்குத்தாகப் புலம் செலுத்தப்படும்போது, இரண்டுக்கும் குறுக்கான திசையில் சிறிய வெப்பநிலை வேறுபாடு தோன்றுவது வெப்ப ஹால் விளைவு ஆகும். மின்கடத்தாப் பொருளான டெர்பியம் காலியம் கார்னெட்டில் இது 2005 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதற்கு ஃபோனான்கள் காரணமாகக் கூறப்பட்டன. 2010 இல் லுட்டீசியம் வனேடியம் ஆக்சைடில் மேக்னான்களால் ஏற்படும் இவ்விளைவு அறிவிக்கப்பட்டது.

ருத்தேனியம் முக்குளோரைடு

2006 இல் அலெக்சி கிதாயெவ் தேன்கூட்டு அணிக்கோவைக்கான ஒரு தற்சுழற்சி மாதிரியை வெளியிட்டார். அதில் தற்சுழற்சிகள் தனிச்சுழி வெப்பநிலையிலும் ஒழுங்குறுவதில்லை. இந்நிலை குவாண்டம் தற்சுழற்சி நீர்மம் எனப்படும். புலத்தில் இதன் விளிம்புகளில் மயோரானா ஃபெர்மியான்கள் வெப்பத்தைச் சுமக்கும் என்றும், வெப்ப ஹால் கடத்தம் குவாண்டம் அலகில் சரிபாதியாக இருக்கும் என்றும் இம்மாதிரி கூறுகிறது. பிழை தாங்கும் குவாண்டம் கணினிகளுக்கு இத்தகைய நிலை பயன்படலாம்.

ஆல்ஃபா ருத்தேனியம் முக்குளோரைடு இம்மாதிரிக்கு நெருக்கமானது. சுமார் 7 கெல்வினுக்குக் கீழே இதில் தோன்றும் எதிர்ஃபெரோகாந்த ஒழுங்கை, படலத்துக்கு இணையான சுமார் 7 டெஸ்லா புலம் குலைக்கிறது. இந்நிலையில் பாதி மதிப்பு கிடைத்ததாக 2018 இல் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு அறிவித்தது. பின்னர் பிரின்ஸ்டன் குழு, மதிப்பு நிலையாக நிற்காமல் வெப்பநிலையோடு மாறுவதாகக் கண்டு, மேக்னான் போன்ற போசான்களைக் காரணமாகக் காட்டியது. ஷெர்புரூக் குழு ஃபோனான்களைக் காரணமாகக் கூறியது.

குறுக்கு வெப்பநிலை வேறுபாடு மிகச் சிறியது. படிகத்துக்குப் படிகம் முடிவுகளும் மாறுபடுகின்றன. எனவே இப்பொருளில் வெப்பத்தைச் சுமப்பது எது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.