இணையத்தில் சுகாதாரத் தகவல் தேடல்

2017ஆம் ஆண்டின் முற்பகுதியில் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில் டெங்குக் காய்ச்சல் உயிர்களைப் பலிகொண்டது. இத்தகைய வேளைகளில் பலர் முதலில் நாடுவது கைத்தொலைபேசியையே.

தேடுபொறி நாம் இடும் சொற்களுக்குப் பொருந்தும் பக்கங்களை முன்வைக்கும். “டெங்குவுக்குப் பப்பாசி இலைச்சாறு” எனத் தேடினால் அதனைப் புகழும் பக்கங்கள் மிகுதியாகத் தோன்றக்கூடும். “டெங்கு அபாய அறிகுறிகள்” எனத் தேடினால் மருத்துவ அறிவுறுத்தல்கள் கிடைக்கும். சமூக வலைத்தளங்களில் பலர் பகிர்வது பலரையும் சென்றடையும். ஆனால் பகிர்வு உண்மைக்குச் சான்றாகாது.

டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையிலேயே ஆபத்துக் கட்டம் தொடங்கலாம். ஆகவே “காய்ச்சல் விட்டால் சுகம்” என்னும் பதிவை நம்பிக் காலந்தாழ்த்துவது உயிராபத்தாக முடியலாம்.

கவனத்திற் கொள்க: தகவலை வெளியிட்டவர் யார்? எப்போது? சுகாதார அமைச்சின் அறிவுறுத்தலுடன் அது பொருந்துகிறதா? காய்ச்சல் இரண்டு நாட்களைத் தாண்டினால் தேடலை நிறுத்தி வைத்தியரை நாடுக.