வியர்வை உலராத சாலை

புனேயிலிருந்து பழைய நெடுஞ்சாலை வழியே மிதிவண்டியில் மும்பை செல்கையில், லோனாவலாவுக்கு அப்பால் மலைப்பாதையில் இறங்கியதும் காற்று மாறுவதை உணர்கிறோம். சுமார் 560 மீட்டர் உயரத்திலுள்ள புனேயில் ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும், வறண்ட காற்றில் வியர்வை உலர்ந்து உடலைக் குளிர்விக்கிறது. கீழே கொங்கணத்தில் வெப்பம் சற்றுக் குறைந்திருந்தாலும், ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வழிந்தோடுகிறது, உடற்சூடு தணிவதில்லை. ஆகவே அங்கு நீர் பருகுவது மட்டும் போதாது. வேகத்தையும் குறைத்தல் வேண்டும்.

விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழல் சேர்வோம். உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாற்றை அவ்வப்போது சிறிது பருகுவோம். தலை சுற்றினால் உடனே இறங்கி ஓய்வெடுப்போம். உடன் வருபவரின் பேச்சு குழறினால், 108-ஐ அழைத்து, அவரை நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறுவோம். மும்பையை மற்றொரு நாளும் அடையலாம்.