கணக்குச் சொல்லித் தருபவர் யார்?

உடுப்பிட்டியில் நாம் கூட்டிய கூட்டமொன்றில், 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தாயொருவர் தமது கடன் அட்டையை நீட்டினார். "சுவாமி, நூற்றுக்கு இருபத்துநாலு வட்டி எண்டுதான் சொன்னவை. பிறகேன் இப்பிடி இறுக்குது?" என்றார்.

எல்லோருமாகக் கணக்குப் பார்த்தோம். கடன் 50,000 ரூபா. வட்டி 12,000 ரூபா. வாரம் 1,192 ரூபாவாக 52 வாரங்கள். முதல் வாரந்தொட்டே முதலும் குறைந்து வருவதால், ஆண்டு முழுவதும் அவர் கையிலிருந்தது சராசரியாகப் பாதிப் பணமே. வட்டியோ முழுப் பணத்துக்கும்! எனவே உண்மை வட்டி 40 வீதத்துக்கும் மேல். வெங்காயம் விற்றால் மட்டுமே காசு காணும் குடும்பத்துக்கு வாராந்தக் கட்டுப்பணம் பொருந்தாது என்பதும் புலனாயிற்று.

இத்தகைய கடன்களால் நொந்தவர் பலர். 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்நிதிக் கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இவ்வறிவை இலவசமாக எங்கே பெறலாம்?

முதலாவது, இலங்கை மத்திய வங்கி. அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலையும் பொதுமக்களுக்கான விளக்கங்களையும் அது தமிழிலும் வெளியிடுகிறது. இணையத்தில் பார்த்துத் தரும்படி பிள்ளைகளிடம் கேளுங்கள். நிதி நிறுவனம் பற்றிய முறைப்பாட்டுக்கு 1935 என்ற இலக்கம் உண்டு. கிளிநொச்சியில் அதன் பிராந்திய அலுவலகமும் உள்ளது.

இரண்டாவது, உங்கள் ஊர்ச் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம். அங்கத்தவர் பொதுக்கூட்டத்தில் கணக்கைக் கேட்கலாம். கேட்டே பழக வேண்டும்.

மூன்றாவது, கரவெட்டிப் பிரதேச செயலகத்தின் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். கிராம அலுவலர் மூலம் அவர்களை அணுகலாம்.

'இலவச வகுப்பு' என்று வருவோர் எல்லோரையும் நம்பிவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? வகுப்பு முடிவில் எதையாவது விற்கிறாரா, கையொப்பம் கேட்கிறாரா? இன்னும் ஆட்களைச் சேர்த்தால் பணம் என்கிறாரா? கடைசியானது பிரமிட் திட்டம்; இலங்கையில் சட்டவிரோதமானது.

ஒரு கொப்பியில் வரவையும் செலவையும் இன்றே எழுதத் தொடங்குங்கள். எந்தக் கடனானாலும், கட்டி முடிக்கும் மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிய பின்னரே ஒப்பமிடுங்கள். காணி கைவிட்டுப்போனது எம் குற்றமன்று. கையிலுள்ள காசையாவது நாம் காத்துக்கொள்வோம்.